மூஸா இப்னு மைமூன்: மரபைக் காத்தவரா, மாற்றியவரா?

ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஹித்தீன் யுத்தம் தெரியும், பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்ட 1187ஆம் ஆண்டு தெரியும். அதே ஸுல்தானின் ஆட்சியில், அவருடைய பிரதான அமைச்சரான காழி அல்-பாழிலின் ஆதரவோடு வாழ்ந்த ஒரு யூத வைத்தியரைப் பற்றி நம்மில் மிகச் சிலரே கேள்விப்பட்டிருப்போம். அரபு நூல்கள் அவரை மூஸா இப்னு மைமூன் என்கின்றன. யூதர்கள் அவரை ரம்பம் என்பார்கள். ஐரோப்பியர் வைத்த பெயர் மைமோனிடஸ்.

யூதர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனதில் இன்று எழுவது பலஸ்தீனத்தின் வேதனைதான். அதில் தவறில்லை. ஆனால் சியோனிசம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உருவான அரசியல். நான் எழுதப் போவது அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், முஸ்லிம் நகரங்களில் அரபு பேசி வாழ்ந்த ஒரு சமூகத்தைப் பற்றி. மரபை எங்கே விடாமல் பிடிப்பது, எங்கே தளர்த்துவது என்று அந்தச் சமூகம் போராடியது. அந்தப் போராட்டத்தின் நடுவில் நின்றவர் இப்னு மைமூன். தராவீஹ் எட்டா இருபதா என்று பள்ளிவாசல்களையே இரண்டாக்கிக் கொண்ட நமக்கு அவருடைய வாழ்க்கை அந்நியமாகத் தெரியாது.

1138இல் அந்தலூஸின் குர்துபாவில் பிறந்தார். தந்தை மைமூன் அந்நகர யூதர்களின் நீதிபதி. நம் வழக்கில் சொன்னால் காழி. பல தலைமுறைகளாக மார்க்கச் சட்டம் படித்த குடும்பம். இமாம் இப்னு ருஷ்தும் அதே குர்துபாவில் 1126இல் பிறந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த மண்ணின் அறிவுச் சூழல் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

1148இல் முவஹ்ஹிதூன்கள் குர்துபாவைக் கைப்பற்றினார்கள். யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அதுவரை இருந்த திம்மி அந்தஸ்தை அவர்கள் ரத்துச் செய்தார்கள். மதம் மாற வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும். இஸ்லாமிய வரலாற்றில் இது பொதுவான நடைமுறை அல்ல, விதிவிலக்கு. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று நாம் சொல்லக்கூடாது. மைமூனின் குடும்பம் சுமார் பத்து வருடங்களுக்கு மேல் ஸ்பெயினுக்குள் அலைந்துவிட்டு, 1160 அளவில் மொரோக்கோவின் பாஸ் நகருக்குப் போனது. அதுவும் முவஹ்ஹிதூன்களின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம்தான்.

அங்கே அவரைத் தேடி ஒரு பெரிய கேள்வி வந்தது. உயிருக்குப் பயந்து வெளியில் முஸ்லிமாகக் காட்டிக்கொண்டு, வீட்டுக்குள் இரகசியமாக யூத வணக்கங்களைச் செய்பவர்களின் நிலை என்ன? அவர்களுடைய வணக்கத்துக்குப் பெறுமதி இல்லை, அவர்கள் சமூகத்தை விட்டு வெளியேறியவர்களே என்று ஒரு யூத அறிஞர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இளைஞரான இப்னு மைமூன் அதை மறுத்து நீண்டதொரு மடல் எழுதினார். நிர்ப்பந்திக்கப்பட்டவன் கைவிட்டவன் அல்ல, அவன் இரகசியமாகச் செய்யும் சிறு வணக்கத்துக்கும் கூலி உண்டு, ஆனால் முடிந்தவுடன் அந்த ஊரை விட்டு ஹிஜ்ரத் செய்துவிட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மரபு என்பது ஆட்களை வெளியே தள்ளுவதற்கான வேலி அல்ல என்ற எண்ணம் அவரிடம் அப்போதே இருந்திருக்கிறது.

பாஸில் அவர்களே வெளிப்படையில் முஸ்லிம்களாக வாழ்ந்தார்கள் என்று இப்னுல் கிஃப்தீ போன்ற நம் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் எகிப்துக்கு வந்த ஓர் அந்தலூஸி அவரை அடையாளம் கண்டு, மதம் மாறியவர் என்று குற்றம் சாட்டியதாகவும், நிர்ப்பந்தத்தில் ஏற்ற இஸ்லாம் ஷரீஅத்தில் செல்லாது என்று சொல்லி காழி அல்-பாழில் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ததாகவும் இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். இன்றைய ஆய்வாளர்கள் இதில் இரு பக்கமாக நிற்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, இஸ்லாமிய சட்டத்தின் தெளிவான ஒரு விதியை ஒரு முஸ்லிம் அமைச்சர் நிலைநாட்டியதாக நம்மவர்களே பெருமையோடு எழுதி வைத்திருப்பதுதான்.

1165இல் குடும்பம் கப்பலேறி அக்கா துறைமுகத்தில் இறங்கியது. பைத்துல் முகத்தஸை ஸியாரத் செய்தது. சிலுவைப் படையினரின் ஆட்சியில் இருந்த அந்த நாட்டில் வாழ வழி இருக்கவில்லை. கடைசியில் எகிப்தின் புஸ்தாத் நகரில், பழைய கெய்ரோவில், நிரந்தரமாகக் குடியேறினார்கள்.

தம்பி தாவூத் வியாபாரி. இரத்தினக்கல், வாசனைத் திரவியம் என்று இந்தியப் பெருங்கடல் வழியாக நடந்த வர்த்தகத்தில் அவரும் ஈடுபட்டார். நம் முன்னோரான அரபு வியாபாரிகள் இலங்கைக் கரைகளுக்கு வந்து சேர்ந்ததும் இதே கடலால்தான். தம்பி சம்பாதித்தார், அண்ணன் ஓதினார், எழுதினார். செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து தம்பி அண்ணனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. பாலைவனத்தைக் கடந்து வந்த பாட்டையும், இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதையும் அதில் சொல்லி, கவலைப்பட வேண்டாம் என்று வீட்டாருக்கு ஆறுதலும் சொல்கிறார். பின்னர் அந்தத் தம்பி இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப் போனார். குடும்பத்தின் பணமும், பிறர் நம்பிக் கொடுத்த பணமும் அவரோடு போயின. ஒரு விதவையும் ஒரு சிறு பெண்பிள்ளையும் மிஞ்சினார்கள். இப்னு மைமூன் ஏறக்குறைய ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். எட்டு வருடங்கள் கழித்து எழுதிய கடிதத்திலும், தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு புரள்வதைச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வைத்தியம் அவருடைய வாழ்வாதாரமானது. மார்க்கக் கல்வியைக் கொண்டு சம்பாதிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். சமூக நிதியில் உட்கார்ந்து படிக்கும் அறிஞர்களை அவர் எழுத்தில் விட்டு வைக்கவில்லை. பழைய அறிஞர்கள் விறகு வெட்டியும் தண்ணீர் சுமந்தும் உழைத்துச் சாப்பிட்டவர்கள் என்பது அவர் வாதம். இதனால் அவருக்கு எதிரிகள் பெருகினார்கள். கூலி வாங்காமல் தீர்ப்புச் சொன்ன அதே மனிதர், காலை முதல் இரவு வரை நோயாளிகளைப் பார்த்தார். 1199இல் எழுதிய கடிதமொன்றில் தன் ஒரு நாளை விவரித்திருக்கிறார். காலையில் புஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குப் பயணம். அங்கே யாருக்காவது சுகமில்லை என்றால் நாள் முழுவதும் அங்கேதான். பகல் கழிந்து பசியோடு வீடு திரும்பினால் முற்றம் நிறைந்திருக்கும். யூதர், முஸ்லிம், பெரியவர், சாமானியர், நண்பர், பகைவர் என்று எல்லோரும் இருப்பார்கள். வாகனத்தை விட்டு இறங்கிக் கை கழுவி, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு நாளைக்கு ஒரே வேளையாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வைத்தியத்தைத் தொடங்குவார். இரவில் களைப்பினால் படுத்தபடியே மருந்து சொல்லுவார். சனிக்கிழமை மட்டும் சமூகத்தாருக்கு, தொழுகை முடிந்து பாடத்துக்கு.

இந்த வேலைகளுக்கு நடுவேதான் அவர் மரபு பற்றிய பெரிய பணியைச் செய்தார்.

யூத சமூகத்தில் மரபு எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எழுதப்பட்ட தவ்ராத் ஒன்று. அதோடு மூஸா (அலை) அவர்களிடமிருந்து வாய்வழியாக வந்தது என்று அவர்கள் நம்பும் விளக்கம் இன்னொன்று. அந்த வாய்வழி மரபுதான் பிற்காலத்தில் மிஷ்னா, தல்மூத் என்று எழுத்தானது. எப்படித் தொழுவது, எதை உண்பது, ஓய்வு நாளில் எதைச் செய்யக்கூடாது என்ற அன்றாட வாழ்க்கை முழுவதும் இதிலேதான் தங்கியிருக்கிறது. குர்ஆனோடு ஸுன்னாவும் வேண்டும் என்று சொல்லும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. அவர்களுக்குள்ளும் வாய்வழி மரபை மறுத்து எழுத்தை மட்டும் ஏற்ற ஒரு கூட்டம் இருந்தது. கராயீக்கள் என்பார்கள். எகிப்தில் அவர்கள் செல்வாக்கானவர்கள். இப்னு மைமூன் அவர்களுடைய கொள்கையை ஒரு போதும் ஏற்கவில்லை. பெண்களின் மாதாந்தச் சுத்தம் விடயத்தில் கராயீக்களின் வழக்கம் தன் மக்களுக்குள் நுழைந்தபோது, 1176இல் கடுமையான பிரகடனம் வெளியிட்டார். ஆனாலும் கராயீக்கள் மரபு அறிஞர்களை ஏளனம் செய்யாத வரை அவர்கள் வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகளுக்குக் கத்னா செய்யலாம், மையித்தை அடக்கலாம், துக்கம் விசாரிக்கலாம் என்று பத்வா கொடுத்தார். கொள்கை வேறு, மையித்து வீடு வேறு. நம் ஊர்களில் சில காலம் இது தலைகீழாக இருந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

அவருடைய பெரும் நூல் மிஷ்னே தோரா. ஏறத்தாழ பத்து வருட உழைப்பில் 1170களின் இறுதியில் முடிந்தது. 14 பாகங்கள், ஏறக்குறைய ஆயிரம் அத்தியாயங்கள். தல்மூதின் கடலில் சிதறிக் கிடந்த சட்டங்கள் அனைத்தையும் தலைப்பு வாரியாக, எளிய ஹீப்ரு மொழியில் ஒழுங்குபடுத்தினார். முன்னுரையில் மூஸா (அலை) முதல் தல்மூதைத் தொகுத்த ரவ் அஷி வரை 40 தலைமுறைகளின் சங்கிலியைப் பெயர் பெயராக எழுதினார். நம்முடைய இஸ்னாத் நினைவுக்கு வருகிறது, இல்லையா? வேடிக்கை என்னவென்றால், சங்கிலியை அவ்வளவு கவனமாக எழுதியவர், நூலுக்குள் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆதாரம் எது, சொன்னவர் யார் என்பதை எழுதவில்லை. பிரான்சின் தெற்கிலிருந்த ஆபிரகாம் பென் தாவீது என்ற அறிஞர் இதற்காக அவரை வறுத்தெடுத்தார். ஆதாரம் காட்டாமல் தீர்ப்பு மட்டும் சொன்னால், முந்திய இமாம்களை மக்கள் மறந்துவிடுவார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. என் அபிப்பிராயத்தில் அந்த விமர்சனம் நியாயமானதுதான். இன்று மிஷ்னே தோரா அச்சாகும்போது அந்த விமர்சனக் குறிப்புகளும் பக்கத்திலேயே அச்சாகின்றன. எதிர்க்கருத்தை மூலத்தின் ஓரத்திலேயே வைத்துப் படிக்கும் அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆசிரியர் என்ற வகையில் அந்த நூலின் ஒரு சட்டத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். அதற்கு மேல் 40 வரை என்றால் உதவிக்கு ஒருவர். 40ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர்கள். தல்மூதிலிருந்து அவர் எடுத்து எழுதியது இது. வகுப்பில் 45 பிள்ளைகளோடு தனியாக நிற்கும்போது இந்தச் சட்டத்தை நான் நினைத்துக்கொள்வதுண்டு. தர்மத்தை எட்டுப் படிகளாகவும் வகுத்தார். உச்சப் படி, ஒருவரைக் கையேந்தும் நிலைக்கு விடாமல் கடன் கொடுத்தோ கூட்டுச் சேர்த்தோ வேலை கொடுத்தோ தாங்குவது. நம் ஸகாத் குழுக்கள் தையல் இயந்திரமும் முச்சக்கர வண்டியும் கொடுக்கத் தொடங்கியிருப்பது இந்தப் படியில்தான் சேரும்.

இனி அந்தத் தொழுகை விடயம். யூதர்களின் கூட்டுத் தொழுகையில் நின்று ஓதும் அமீதா என்ற பகுதி முக்கியமானது. முதலில் ஒவ்வொருவரும் அமைதியாகத் தனக்குள் ஓதுவார். பிறகு முன்னால் நிற்பவர் அதையே முழுவதுமாக உரத்து ஓதுவார். ஓதத் தெரியாத பாமரனும் கடமையை நிறைவேற்றட்டும் என்பதற்காக முன்னோர் வகுத்த ஏற்பாடு அது. தல்மூதில் உள்ளது. இப்னு மைமூன் தன் சட்ட நூலிலும் அப்படியே எழுதியிருக்கிறார்.

ஆனால் புஸ்தாத்தில் அவர் கண்ணால் கண்டது வேறு. தாங்கள் ஓதி முடித்தவர்கள், இமாம் மீண்டும் ஓதும்போது கடமை முடிந்துவிட்டது என்று திரும்பி நின்று கதைத்தார்கள், துப்பினார்கள். அதைப் பார்த்து ஓதத் தெரியாதவனும் கதைக்கத் தொடங்கினான். யாருக்காக அந்த ஏற்பாடோ அவனே கேட்பதில்லை. இதை முஸ்லிம்கள் பார்த்தார்கள். ஸஃப்பில் அசையாமல் நிற்கும் தொழுகையைப் பழகிய முஸ்லிம்களுக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. இறைவனின் பெயருக்கே இதனால் அவமானம் என்று இப்னு மைமூன் கருதினார். அமைதித் தொழுகை, பிறகு உரத்த தொழுகை என்ற இரண்டையும் ஒன்றாக்கினார். இமாம் ஒரே தடவை உரத்து ஓதட்டும், தெரிந்தவர் கூடவே மெதுவாக ஓதட்டும், தெரியாதவர் கேட்கட்டும் என்று தீர்ப்பளித்தார்.

சட்டம் எழுதியவரே சட்டத்தை மாற்றினார். அதற்கு அவர் கொடுத்த காரணங்களில் ஒன்று அயலவரின் பார்வை. தன் மரபில் உறுதியான ஒருவர், அயல் சமூகம் நம்மைப் பார்த்து என்ன நினைக்கிறது என்பதை மார்க்கக் காரணமாகவே எடுத்துக்கொண்டார். சிறுபான்மையாக வாழும் நாம் இதில் கொஞ்சம் தரித்து நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். நள்ளிரவில் ஒலிபெருக்கி, ஜும்ஆ நேரத்தில் வீதியை அடைத்த வாகனங்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம், இது எங்கள் மார்க்க உரிமை என்ற ஒரு பதிலோடு நாம் எழுந்து போகிறோம். உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. இப்னு மைமூனுக்கும் உரிமை இருந்தது.

அவர் நினைத்ததெல்லாம் நடக்கவும் இல்லை. புஸ்தாத்தில் இரண்டு பெரிய யூத ஆலயங்கள் இருந்தன. ஒன்று ஷாமியருடையது, மற்றது இராக்கியருடையது. இராக்கியர் தவ்ராத்தை ஒரு வருடத்தில் ஓதி முடிப்பார்கள். ஷாமியர் மூன்று வருடத்துக்கு இழுத்து ஓதுவார்கள். எல்லோரையும் ஒரே முறைக்குக் கொண்டுவர அவர் முயன்றார். ஷாமியர் அசையவில்லை. எகிப்திய யூதர்களின் தலைவராகவும் இருந்த அவரால் அரச அதிகாரத்தைக் கொண்டு நெருக்கியிருக்க முடியும். ஆனால் அவர் காலத்துக்குப் பிறகும் ஷாமியர் தங்கள் வழக்கத்திலேயே இருந்தார்கள்.

நமக்கு மனம் நோகும் பக்கமும் உண்டு, அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 1172இல், யெமன் யூதர்கள் மதம் மாறும்படி நெருக்கப்பட்டபோது அவர்களுக்கு எழுதிய மடலில் நம் நபி (ஸல்) அவர்களைப் பற்றி நாம் ஒரு போதும் ஏற்க முடியாத வார்த்தைகளைப் பயன்படுத்தியிருக்கிறார். ஊரை இழந்து ஓடிய ஒருவரின் கோபம் அதில் இருக்கிறது. அதே மனிதர், புதிதாக யூத மதத்தில் சேர்ந்த ஒருவரின் கேள்விக்குப் பதில் எழுதும்போது, முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர், அவர்களுடைய தவ்ஹீத் எந்தக் கலப்பும் இல்லாதது என்று உறுதியாக எழுதினார். அதற்கு மாறாகச் சொல்லி அந்த மனிதரை இழிவுபடுத்திய ஆசிரியரையும் கண்டித்தார். நம்மைப் பற்றி யாரோ பொய் சொன்னால் அதை மறுக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. உண்மை என்பதால் எழுதினார். இரண்டு கடிதங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அவருடைய தத்துவ நூல் தலாலத்துல் ஹாயிரீன், 1190 அளவில் எழுதியது. அரபு மொழி, ஹீப்ரு எழுத்து. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் அரபுத் தமிழ் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அல்-பாராபியை மிக உயர்வாக மதித்த நூலாசிரியர் அவர். அவர் மறைந்த பின் அந்த நூலே சமூகத்தைப் பிளந்தது. 1232இல் பிரான்சில் சில அறிஞர்கள் அதைத் தடை செய்தார்கள். தடை செய்தவர்களுக்கு எதிராக மற்றப் பக்கமும் தடை போட்டது. 1305இல் பார்சிலோனாவில், 25 வயதுக்குக் குறைந்தவர்கள் கிரேக்கத் தத்துவம் படிக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். யெமன் யூதர்களோ அவரை இன்றளவும் தங்கள் இமாமாகவே பின்பற்றுகிறார்கள்.

1204 டிசம்பரில் அவர் காலமானார். மகன் ஆபிரகாமுக்கு அப்போது 18 வயது. தந்தையின் தலைமைப் பதவி அவருக்கு வந்தது. இந்த மகன் தந்தையையும் விஞ்சினார். ஸூபிகளை வெளிப்படையாகவே புகழ்ந்தார். தொழுகைக்கு முன் கால் கழுவ வேண்டும், ஒரே திசை நோக்கி வரிசையாக அமர வேண்டும், ருகூஉம் ஸுஜூதும் வேண்டும் என்றார். இவை முஸ்லிம்களிடமிருந்து எடுத்தவை அல்ல, நம் நபிமார்களின் பழைய வழக்கம், நாம் மறந்தோம், அவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். எதிர்ப்பாளர்கள் விடவில்லை. ஸுல்தான் அல்-மலிக் அல்-ஆதிலிடம் முறைப்பாடு கொண்டுபோனார்கள். குற்றச்சாட்டு, பித்அத். ஆம், யூதர்கள் தங்கள் தலைவர் பித்அத் செய்கிறார் என்று அதே அரபுச் சொல்லால் முஸ்லிம் ஸுல்தானிடம் முறையிட்டார்கள். யாரையும் நான் நிர்ப்பந்திக்கவில்லை, என் வீட்டில் நடக்கும் தொழுகையில் மட்டுமே செய்கிறேன் என்று, ஆதரவாளர்களின் கையொப்பங்களோடு அவர் பதில் கொடுத்தார்.

ஸுஜூது நிலைக்கவில்லை. ஆனால் தந்தை கொண்டுவந்த ஒற்றைத் தொழுகை எகிப்தில் சுமார் மூன்று நூற்றாண்டுகள் நீடித்தது. 16ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினிலிருந்து கிறிஸ்தவ அரசர்கள் துரத்திய யூதர்கள் கெய்ரோவில் நிறைந்த காலத்தில், தாவீது இப்னு ஸிம்ரா என்ற அறிஞர் பழைய இரட்டைத் தொழுகையையே மீண்டும் கொண்டுவந்தார். அவரும் ஸ்பெயினிலிருந்து வந்தவரே.

புஸ்தாத்தின் ஷாமியர் ஆலயத்தில் ஓர் அறை இருந்தது. இறைவனின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்ற மரபினால், பழைய தாள்களையெல்லாம் அதற்குள் போட்டு வைத்தார்கள். நம் வீடுகளில் கிழிந்த முஸ்ஹப் தாள்களைச் சேர்த்து வைப்பதைப் போல. நாளடைவில் கணக்குச் சீட்டு, கல்யாண ஒப்பந்தம், வியாபாரக் கடிதம் எல்லாம் உள்ளே போய்விட்டன. 1896, 1897 காலத்தில் அவற்றில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. ஒரு இலட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். கடலுக்குப் போகும் முன் தாவூத் அண்ணனுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது அந்தக் குவியலில்தான். இப்னு மைமூன் தன் கையாலேயே எழுதி, அடித்து, திருத்தி எழுதிய சட்ட நூல் வரைவின் தாள்களும் அதற்குள் இருந்தன.